பெற்றவர் கையெழுத்து இல்லாமல் தத்தெடுக்க முடியுமா? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் ஒரு சட்டத்தரணியின் பதில்களும்

கேள்வி (மஸ்கெலியா): மிஸ், என் மகள் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாள் காசு அனுப்பினாள். பிறகு போனும் இல்லை, காசும் இல்லை. தகப்பன் செத்துப் போனார். பிள்ளைக்கு இப்ப ஏழு வயசு. என் தம்பியும் சம்சாரமும் தத்தெடுக்கக் கேட்கிறாங்க. மகள் கையெழுத்து இல்லாமல் நடக்குமா?

பதில்: வழி இருக்கிறது அம்மா. ஆனால் கோர்ட் லேசில் ஒத்துக்கொள்ளாது. இலங்கையின் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டப்படி பெற்றோர், பாதுகாவலர், பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர், செலவுக்குப் பொறுப்பானவர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வளர்க்கிறவர் என்பதால் உங்கள் சம்மதமும் இதில் சேரும்.

பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், தேடியும் கிடைக்காவிட்டால், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாவிட்டால் அவர் சம்மதம் தேவையில்லை என்று நீதிபதி சொல்லலாம். செலவு கொடுக்க வேண்டியவர் தொடர்ந்து கொடுக்காமல் விட்டாலும் அப்படித்தான்.

உங்கள் மகள் கைவிட்டாளா, ஆபத்தில் மாட்டியிருக்கிறாளா என்பது இன்னும் தெரியாது. வளைகுடாவில் வேலைக்குப் போன எத்தனையோ பெண்களின் போனையும் பாஸ்போர்ட்டையும் எஜமானர் வாங்கி வைத்துக்கொள்கிறார். அதனால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள். பொலிஸில் ஒரு என்ட்ரி போடுங்கள். ஏஜென்சிக்காரனின் ஒப்பந்தம், கடைசியாகக் காசு வந்த துண்டு, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மகள் கிடைத்தால் அதைவிட நல்ல செய்தி என்ன? கிடைக்காவிட்டால் "தேடினோம்" என்று கோர்ட்டில் சொல்ல இவைதான் கைகொடுக்கும்.

தேவை ஸ்கூல் அட்மிஷன் மட்டும் என்றால் தத்து வேண்டாம். தத்துக் கட்டளை வந்தால் மகளின் தாய் உரிமையே போய்விடும்.

கேள்வி (பண்டாரவளை): முதல் புருஷன் குடிகாரன், விவாகரத்தாகிவிட்டது. இப்போதைய கணவரும் நானும் சேர்ந்து என் மகளைத் தத்தெடுக்க முடியுமா? அவளுக்கு பதினொன்று.

பதில்: விண்ணப்பிக்கலாம் தங்கச்சி. குடிகாரன் என்பது மட்டும் போதாது. தாபரிப்பு (பிள்ளைச் செலவு) வழக்குப் போட்டிருந்தால் அந்த வழக்கு ஃபைலை எடுங்கள். கட்டளை இருந்தும் காசு கட்டவில்லை என்று அதில் இருந்தால் அதுதான் பலமான சாட்சி. அவருக்கு அறிவித்தல் போகும், வந்து எதிர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்பதால் மகளின் சம்மதமும் கட்டாயம். வீட்டில் இப்போதே அவளோடு மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி பெற்ற குழந்தையை ஜே.பி. முன்னால் எழுதி வாங்கி வளர்க்கிறோம். அவளுக்குக் கொஞ்சம் காசும் கொடுத்தோம். இது செல்லும்தானே?

பதில்: செல்லாது ஐயா. சமாதான நீதவான் முன் எழுதிய கடிதம் தத்து ஆகாது. தத்துக் கட்டளையை நீதிமன்றம்தான் தரும். அதுவும் காசு கைமாறவில்லை என்று நீதிபதிக்குத் திருப்தி வந்த பிறகுதான். நடந்ததை மறைக்காமல் சட்டத்தரணியிடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். பிறப்புப் பதிவில் உங்கள் பெயரைப் பெற்றோராகப் போட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

1980களில் இலங்கைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நெதர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். காசு வாங்கிய வேறு பெண்கள் தாயாக நடித்துச் சம்மதம் கொடுத்தது பின்னால் வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்றும் அம்மாவைத் தேடி இங்கே வருகிறார்கள். நம் ஊர்க் கோர்ட்டில் ஓர் அம்மா சிங்களப் படிவத்தில் கைநாட்டு வைத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டியபோதுதான், "பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற கடிதம் என்றுதானே சொன்னாங்க" என்று அழுதாள். கையெழுத்து இருந்தாலும் விளங்கித்தான் வைத்தாரா என்று சட்டம் கேட்கிறது. தமிழில் விளக்கம் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (பதுளை): தகப்பன் ஜெயிலில். அவர் சம்மதம் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும் தம்பி. ஜெயிலில் இருந்தாலும் அவர் தகப்பன்தான்.

கேள்வி (ஹட்டன்): அக்காவுக்கு மனநோய். மகனை நானும் கணவரும்தான் வளர்க்கிறோம். அவனுக்கு பதின்மூன்றரை வயசு. தத்தெடுக்க அக்காவின் சம்மதம் வேண்டுமா?

பதில்: உடனே கிளம்புங்கள் அம்மா. பதினான்குக்குக் கீழ் உள்ள பிள்ளையைத்தான் தத்தெடுக்கலாம். மருந்து குடிக்கிறார் என்பதற்காக அக்காவின் சம்மதத்தை ஒதுக்க முடியாது. அவர் தெளிந்து பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேட்க வேண்டும். இல்லையென்றால் அதைச் சொல்லும் வைத்திய அறிக்கை வேண்டும். லோயருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டையையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.