கிட்டாருக்கு பிக்கப், ஆம்ப்: களியக்காவிளைச் சுற்றுவட்டாரக் கேள்விகளும் என் பதில்களும்

கிறிஸ்துமஸ் கேரல் பவனியும் கோவில் கொடை, உற்சவங்களும் நெருங்கினால் போதும், பாறசாலையிலிருந்து தக்கலை வரை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பிக்கப், அதாவது கிட்டாரின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவி, ஞாபகம் வந்துவிடும். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, என்னிடம் யமஹா எஃப்310 இருக்கிறது, பிக்கப் இல்லை. கொயரில் முன்னால் மைக் வைத்து வாசிக்கிறேன். கொஞ்சம் அசைந்தால் சத்தம் போய்விடுகிறது, கூட்டினால் கூவுகிறது. கேரலுக்கு முன்னால் எதை வாங்க? (மார்த்தாண்டம்)

தம்பி, கேரலுக்கு மட்டும் என்றால் கிட்டாரின் நடு ஓட்டையான சவுண்ட்ஹோலில் மாட்டும் மேக்னடிக் பிக்கப்பே போதும். துளை போட வேண்டாம், ஐந்து நிமிட வேலை, சீசன் முடிந்தால் கழற்றி வைத்துவிடலாம். மற்ற வகைகளைவிடக் கூவலும் குறைவு. ஆனால் சத்தம் பாதி எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி இருக்கும். இன்னொன்று, வெண்கலக் கம்பியில் மேலே சுற்றியிருக்கும் வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் ஸ்டீலைத்தான் பிடிக்கும். அதனால் சுற்று இல்லாத இரண்டாவது கம்பி மட்டும் முந்திக்கொண்டு கத்தும். உயரம் மாற்றும் திருகு உள்ள பிக்கப்பாகப் பார்த்து வாங்கி, அந்தக் கம்பிக்குக் கீழே உள்ள திருகை இறக்கிவிடு.

வருடம் முழுக்க ஆலயத்தில் வாசிப்பதென்றால், கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்கு அடியில் உள்பக்கமாக ஒட்டும் மூன்று வில்லை வகை என் கட்சி. கே அண்ட் கே பியூர் மினி அந்த ரகம். பேட்டரி கிடையாது, பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சேடில் துண்டைத் தொட வேண்டாம், மரத்தின் சத்தமும் வரும். கானமேளா மாதிரி சத்தமான மேடைக்கு இது சரிப்படாது, கூவும். அங்கே மேக்னடிக்கோ, சேடிலுக்கு அடியில் போய் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பட்டையோதான் தாங்கும்.

சேடிலுக்கு அடியில் பிக்கப் போட்டேன். மேல் இரண்டு கம்பி நன்றாகக் கேட்கிறது, முதல் கம்பி செத்துக் கிடக்கிறது. பிக்கப் போலியா அண்ணே? (பாறசாலை)

பத்தில் எட்டு தடவை பிக்கப் மேல் தப்பு இருக்காது. பீசோ பட்டைக்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றுதான். எந்த இடத்தில் சேடில் சரியாக உட்காரவில்லையோ அந்தக் கம்பி ஊமையாகிவிடும்.

கம்பியைத் தளர்த்தி சேடிலை எடு. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். அடியில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கேதான் நோய். அதே கண்ணாடியில் 240 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நேராக நிறுத்தித் தேய், 400-ல் முடி. கையை ஆட்டினால் அடிப்பகுதி உருண்டுவிடும். ஒரு மரக்கட்டையை அணை கொடுத்து, அதை ஒட்டியே தேய்ப்பது நல்லது.

அப்புறம் பள்ளத்தைப் பார். பழைய பசை, மரத்தூள் கிடக்கும். ஒயர் இறங்கும் துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பட்டை அங்கே மடிந்து தூக்கிக்கொள்ளும், உன் முதல் கம்பிப் பக்கமே அந்தத் துளை இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பைச் சரிவாக அரத்தால் தேய்த்துவிடு. சேடில் பள்ளத்தில் விரலால் அழுத்தி இறங்க வேண்டும், விரலால் இழுத்தால் வர வேண்டும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் பக்கவாட்டில் இறுகி நிற்கிறது, கம்பியின் அழுத்தம் பட்டைக்குப் போய்ச் சேராது. பட்டையின் கனம் எவ்வளவோ அவ்வளவு சேடில் அடியிலிருந்து குறைத்தாயா? இல்லாவிட்டால் கம்பி உயர்ந்து விரல் நோகும்.

வாங்கும் முன் பள்ளத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பட்டை சுமார் 2.4, 3.2 மி.மீ. என இரண்டு அகலத்தில் கிடைக்கும்.

பேட்டரி இல்லாத பீசோவை நேராக மிக்சரில் குத்தினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி வருகிறது. மைக் செட்காரர் கிட்டாரைக் குறை சொல்கிறார். (குழித்துறை)

கிட்டார் பாவம். மைக் செட்காரரும் பாவம்தான், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். சேடில் பட்டையை 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை 1 மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) மின்தடை உள்ள இன்புட்டில் போட்டால் சுமார் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரிய ஆரம்பிக்கும். 10 மெகா ஓம் என்றால் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். மிக்சரின் லைன் இன்புட்டோ வெறும் 10 கிலோ ஓம் சுமாருக்குத்தான் இருக்கும். அங்கே பேஸ் எப்படி வரும்? ஈக்வலைசரில் பேஸைத் திருகித் திருகிக் கூட்டினால் உறுமல்தான் கூடும்.

பீசோவின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க, நடுவில் ஒரு பிரீஆம்ப் அல்லது ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வேண்டும். வாங்கும்போது இன்புட் எத்தனை மெகா ஓம் என்று கேளுங்கள், கடைக்காரர் விழித்தால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் ஓடும் பாசிவ் டிஐ வேண்டாம். ஆக்டிவ் டிஐக்கு மிக்சரிலிருந்து மைக் ஒயர் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் கரண்ட் கொடுத்தால் பேட்டரிகூடத் தேவைப்படாது. அவசரத்துக்கு பாஸ் டியூ-3 மாதிரி பஃபர் உள்ள டியூனர் பெடலை நடுவில் போட்டாலும் பாதி தகரம் போய்விடும், அதன் இன்புட் 1 மெகா ஓம். கிட்டாரிலிருந்து டிஐ வரை ஒயர் நீளமாக வேண்டாம். பீசோவில் ஒயர் நீள நீள மொத்தச் சத்தமே குறையும். நீளம் தேவையென்றால் டிஐக்குப் பிறகு, மைக் ஒயரில் போகட்டும்.

புது பிக்கப்புக்குக் காசு எண்ணி வைப்பதற்கு முன்னால் இந்த நடுப் பெட்டியைச் சரிபார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

கிட்டாரின் அடிமுனையில், ஒயர் குத்தும் ஜாக்குக்குத் துளை போட வேண்டும். வீட்டில் டிரில் இருக்கிறது. நானே போடலாமா? (கொல்லங்கோடு)

போடலாம், சாதாரண முறுக்கு பிட்டால் வேண்டாம். தோள் வார் மாட்டும் ஸ்ட்ராப் பின் இருந்த துளையில் அது கவ்வி இழுத்து பாலிஷைப் பெயர்த்துவிடும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கையால் சுற்றும் ரீமர் அல்லது படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டால் 12 மி.மீ. வரை போங்கள். சில ஜாக்குக்கு 12.7 மி.மீ. வேண்டும், அளந்துகொள்ளுங்கள்.

ஜாக்கை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவருவதில்தான் பலர் அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். மெல்லிய நீளக் கம்பி ஒன்றை வெளியிலிருந்து துளை வழியே விட்டு சவுண்ட்ஹோலில் எடுங்கள், ஜாக்கை அதில் கோத்து, கம்பியைப் பிடித்தபடியே பின்னால் தள்ளுங்கள். நேராகத் துளைக்கு வந்து சேரும். நட்டை இறுக்கும்போது ஜாக் கூடவே சுற்றினால் ஒயர் அறுந்துவிடும். ஜாக்கின் முனையில் குறுக்கே ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஆணியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். உள்ளே தொங்கும் ஒயரை கிளிப் போட்டு ஒட்டாவிட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரம்முக்கும் கிடுகிடுக்கும்.

பக்கவாட்டில் சதுரமாக வெட்டி மாட்டும் ஈக்வலைசர் பெட்டியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மலிவான கிட்டார் என்றால் உங்கள் இஷ்டம். நல்ல கிட்டாரில் கத்தி வைக்க எனக்கு மனசு வராது.

நண்பனின் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கிறது. அதில் வாசித்தால் என்ன? (தக்கலை)

வாசிக்கலாம், மந்தமாகத்தான் இருக்கும். அந்த 12 இஞ்ச் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் கைவிட்டுவிடும், அக்கூஸ்டிக்கின் பளபளப்பு அதற்கு மேலேயும் இருக்கிறது. மேல் சத்தத்துக்கென்றே உள்ள சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இருக்கிற ஆம்ப் வேண்டும். கீபோர்டு ஆம்ப் இருந்தால் பிரீஆம்ப் வழியாகத் தாராளமாக ஓடும். புதிதாக வாங்கினால், கேரலுக்குத் தெருத்தெருவாகப் போகிறவர்களுக்கு 8 பென்டார்ச் பேட்டரியில் ஓடும் ரோலண்ட் ஏசி-33 மாதிரி ஒன்று வசதி. ஆலயம், சின்ன ஹால் என்றால் ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி, 60 வாட், மிக்சருக்கு நேராக அனுப்பும் டிஐ அவுட்டும் உண்டு. வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 30-ஐ 60 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்.

கானமேளாவில் ஜி கார்டு பிடித்தால் மட்டும் "ஊம்" என்று எழும்புகிறது. (செறுவாரக்கோணம்)

பெரிய உடம்புக் கிட்டாரின் காற்றறை 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிரும். உன் ஜி கார்டின் அடிச்சுரம் 98. அங்கே நாட்ச் வைத்து அந்த இடத்தை மட்டும் குறை. சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டன் இருந்தால் தட்டிப் பார். சவுண்ட்ஹோலுக்கு ரப்பர் மூடி போடு. வாசிப்பவருக்குக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டியை நேராகப் பார்த்து நிற்காதே.

மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று ஷாக். கிட்டாரைப் பிடித்திருக்கும்போது மட்டும். (களியக்காவிளை)

வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். எங்கோ எர்த் இல்லை. உறுமலைக் குறைக்க யாரோ பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்திருப்பார்கள், அல்லது ஆம்புக்கு ஒரு வீட்டிலிருந்தும் மிக்சருக்கு ஜெனரேட்டரிலிருந்தும் கரண்ட் எடுத்திருப்பார்கள். எல்லாம் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து வர வேண்டும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு பாட்டு. இதில் உயிர் போகும்.

மகளுக்கு நைலான் கம்பி கிட்டார் வாங்கினேன் சார். மேக்னடிக் பிக்கப் மாட்டலாமா? (நெய்யாற்றின்கரைத் தமிழ் டீச்சர்)

கேட்காது டீச்சர். காந்தத்துக்கு நைலான் தெரியாது. பீசோ மட்டும்தான்.

பேட்டரி வாரத்துக்கு ஒன்று காலியாகிறது. (மேல்புறம்)

வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்குகிறாயா மக்கா? பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பில் பெரும்பாலும் ஸ்விட்ச் என்று தனியாக எதுவும் இருக்காது, பிளக்கைக் குத்தினால் ஜாக்கே பேட்டரியை ஆன் செய்துவிடும். ராத்திரி முழுக்க குத்தியே வைத்திருந்தால் அதுவும் ராத்திரி முழுக்க ஓடும். பிடுங்கியும் காலியானால் ஜாக்கில் ஈரமோ பச்சைப் பாசியோ பிடித்திருக்கும். இடவப்பாதி மழைக்கும் கடல் காற்றுக்கும் இங்கே அது சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடை, மழைக்காலத்தில் கிட்டாரைப் பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் 9 வோல்ட் பேட்டரியையும் கழற்றிவிடு. கசிந்தால் பிரீஆம்பே போய்விடும்.