எம்3 வாங்கும்போது 400, 550 என்ற டார்க் எண்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பழைய பிஎம்டபிள்யூ எம்3 ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இ92 மாடலின் 4 லிட்டர் வி8 இன்ஜினுக்கு டார்க் (சுழற்றும் விசை) 400 நியூட்டன் மீட்டர், அடுத்து வந்த எஃப்80-இன் 3 லிட்டர் ட்வின் டர்போவுக்கு 550. இந்த 150 வித்தியாசம் ஓட்டும்போது தெரியுமா?

நன்றாகவே தெரியும். ஆனால் அந்த எண்கள் இன்ஜினில் அளந்தவை, காரைத் தள்ளுவது பின்சக்கரத்துக்கு வந்து சேரும் டார்க், நடுவில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கின்றன. மேனுவல் கியர் உள்ள இரண்டு கார்களிலும் ஐந்தாவது கியர் விகிதம் 1.00 தான், ஆனால் டிஃபரன்ஷியல் விகிதம் இ92-இல் 3.85, எஃப்80-இல் 3.46. இன்ஜின் டார்க்கை இந்த விகிதங்களால் பெருக்கிப் பாருங்கள்: இ92-இன் 1,540 நியூட்டன் மீட்டருக்கு எதிராக எஃப்80-இல் 1,903. இன்ஜினில் 37.5 சதவீதமாக இருந்த இடைவெளி சக்கரத்துக்கு வரும்போது 24 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது, அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கிறது என்பது. எஃப்80-இல் 1,850-லிருந்து 5,500 வரை 550 அப்படியே நிற்கும், கியரை மாற்றாமலே மிதித்தால் கார் பாயும், நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய இதைவிட வசதி வேறில்லை. இ92-இன் 400 வருவது 3,900-இல். 2,000-இல் சுமார் 340 இருக்கும், மோசமில்லை, ஆனால் டர்போ கார் ஓட்டிப் பழகியவருக்கு மந்தமாகத் தோன்றும். அப்புறம் மேலே போகப் போகத்தான் அந்த வி8-இன் அருமை புரியும்: 8,300-இல் 420 குதிரைசக்தி கொடுக்கிறது, கணக்குப் போட்டால் அந்த உச்சத்திலும் 355 நியூட்டன் மீட்டர் மிச்சம் இருக்கிறது! எஃப்80-இன் சக்தி 431, வெறும் 11 தான் கூடுதல். டார்க்கில் இவ்வளவு இடைவெளி இருந்தும் சக்தியில் இல்லாததற்குக் காரணம் ஆர்பிஎம்தான். சக்தி என்பது டார்க்கையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது.

100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் இருக்கும் இ92-ஐ மூன்றாவதுக்கு இறக்கினால் இன்ஜின் 5,000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் வரும், சக்கரத்தில் ஏறக்குறைய 2,400 கிடைக்கும், அதாவது ஐந்தாவதிலேயே போகும் எஃப்80-ஐவிட அதிகம். எஃப்80-உம் மூன்றாவதுக்கு இறங்கினால் முந்திவிடும், அது உண்மை, ஆனால் ஈரச் சாலையில் அவ்வளவு டார்க் சட்டென்று வந்தால் பின்டயர் வழுக்கும், வலதுகாலில் நிதானம் வேண்டும்.

தினமும் வேலைக்குப் போக எடுக்கிறீர்கள் என்றால் எஃப்80 எடுங்கள். கியர் மாற்றுவதே சந்தோஷம், இன்ஜின் 8,000-ஐத் தொடும் சத்தத்துக்காகவே வண்டி எடுப்பேன் என்றால், என்னைக் கேட்டால், இ92 தான். டெஸ்ட் டிரைவில் இரண்டையும் நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள், பிறகு இரண்டாவது கியரில் ரெட்லைன் (இன்ஜினுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச ஆர்பிஎம்) வரை ஒருமுறை இழுங்கள். முதல் சோதனையில் எஃப்80 தெளிவாக ஜெயிக்கும், இரண்டாவதில் எது பிடிக்கிறது என்று பார்த்துப் பணத்தைக் கொடுங்கள்.