பின் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் உங்கள் வண்டியின் பின் சக்கரத்தில் டிஸ்க் (பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்றவற்றில் பின்னால் டிரம்தான். அதற்குள் இருப்பது பிரேக் ஷூ, அது வேறு வேலை. க்ரெட்டா மாதிரி சில வண்டிகளில் எந்த வேரியன்ட் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

ஈரோடு: அண்ணா, முன் பேட் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. பின்னால் சி கிளாம்ப் போட்டு இறுக்கியும் பிஸ்டன் உள்ளே போகவே இல்லை. ஜாம் ஆகிவிட்டதா?

ஜாம் இல்லை தம்பி, முதலில் அந்தக் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் என்றால், அதன் கேபிள் பெரும்பாலும் பின் காலிப்பரிலேயே, அதாவது பிஸ்டனால் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் கவ்வியிலேயே, வந்து சேரும். பிஸ்டனுக்குள் மரை போட்ட ஒரு தண்டு இருக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் அந்த மரையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கும். அதை நேராக அமுக்கினால் மரைதான் கெடும். அப்புறம் காலிப்பரையே மாற்ற வேண்டி வரும். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டு, பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். அதன் முகத்தில் இருக்கும் பள்ளங்கள் இதற்குத்தான். இதற்கென்றே டூல் கிட் விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். மூக்கு நீண்ட பிளையரை வைத்துச் சுற்றினால் சறுக்கி பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கிழிக்கும். பெரும்பாலும் கடிகாரச் சுற்றுதான், ஆனால் சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் எதிர்ச்சுற்று. மேனுவலைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

உள்ளே போனதோடு முடியவில்லை. உள் பேடின் முதுகில் சின்னக் குமிழ் இருந்தால், அது பிஸ்டனின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இதைக் கவனிக்காமல் மாட்டினால் பேட் சாய்ந்து நின்று ஒரு ஓரமாகத் தேயும்.

சென்னை: எனக்கு ஹேண்ட் பிரேக் பட்டனில் வருகிறது. இதே முறையா?

இல்லை. காலிப்பரின் முதுகில் ஒரு மோட்டார் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் மூலமோ, மேனுவலில் சொன்ன முறையிலோ சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனால்தான் அது பின்வாங்கும். பலவந்தம் செய்தால் மோட்டாரின் கியர் போகும். ஸ்கேனர் இல்லையென்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே லாபம்.

திண்டுக்கல்: ஜாக்கியோடு செங்கல் அடுக்கி வைத்தால் போதாதா சார்?

வேண்டவே வேண்டாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்கினால் ஒரு நொடிகூடத் தராது. வண்டி ஆக்ஸில் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட முடியாத வேலை இது. அதனால் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வீல் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள்.

தூத்துக்குடி: உள் பேட் இரும்பு வரை தேய்ந்துவிட்டது, வெளிப் பேட் பாதி அப்படியே இருக்கிறது. பேட் மட்டமா?

பேட் மேல் பழி போடாதீர்கள். காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்கிறது. அவை இறுகினால் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் உழைக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் சந்தேகமே வேண்டாம், பின்களை உருவிப் பாருங்கள். பழைய கிரீஸ் பழுப்பு மெழுகாக உறைந்து, அதன் கீழே துரு புள்ளி புள்ளியாக இருக்கும். மெல்லிய எமரித் தாளில் தேய்த்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பின்கள் விரலால் தள்ளினாலே போய்வர வேண்டும். பின்கள் நன்றாக இருந்தும் இப்படித் தேய்ந்தால் பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது.

இன்னொன்று: கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள்.

திருச்சி: எவ்வளவு தேய்ந்தால் மாற்றணும் அண்ணா?

புதுப் பேடின் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கம்மா. கீச்சென்று சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், எல்லாப் பேடிலும் அந்த எச்சரிக்கைத் தகடு இருப்பதில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், அதையும் அளந்துவிடுங்கள்.

கோவை: டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தது. பிரேக் ஆயில் ஊற்றினேன், அணைந்துவிட்டது. இப்போது பேட் மாற்றப் போகிறேன்.

பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் இறங்கும். பிஸ்டனை உள்ளே அனுப்பும்போது நீங்கள் ஊற்றியது வழியும். முன்கூட்டியே ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேட் நன்றாக இருந்தும் ஆயில் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சேலம்: மாட்டி முடித்தேன். பெடல் தரை வரை போகிறதே!

பயப்படாதீர்கள், பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. வண்டியை நகர்த்தும் முன் பெடலை மெதுவாகப் பலமுறை மிதித்தால் கெட்டியாகிவிடும். அப்படியும் பஞ்சாக இருந்தால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கலாம், வண்டியைத் தொடாதீர்கள். கெட்டியானால் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு இதமாகச் சில தடவை குறைத்துப் பாருங்கள், நடுநடுவே ஆற விடுங்கள்.

அதே சேலம்: இடது பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது. வலதில் பழசையே விட்டுவிடட்டுமா?

கூடாது, இரண்டு பக்கமும் ஒரே செட்டாகப் போடுங்கள். அப்புறம் இடது காலிப்பரின் பின்களை உருவிப் பாருங்கள், தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.