வாசகர் கேள்வி: ஆறு நிமிடப் பாட்டு

கேள்வி: எழுபதுகளின் மேற்கத்தியப் பாடல்களை இன்றும் விரும்பிக் கேட்பவன் நான். குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யில் திரும்பத் திரும்ப வரும் பல்லவியே இல்லை, நீளமும் அதிகம். அதை வானொலிகள் எப்படி ஏற்றுக்கொண்டன?

பதில்: எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று நிமிடப் பாடல்களே வானொலிக்கு ஏற்றவை என்று கருதப்பட்ட 1975-இல், 5 நிமிடம் 55 விநாடி ஓடும் இப்பாடலைச் சுருக்குமாறு இசைத்தட்டு நிறுவனத்தார் வற்புறுத்தியும் குழுவினர் இசையவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பிடிவாதம்தான் பாட்டைக் காப்பாற்றியது. லண்டன் கேப்பிட்டல் வானொலியின் கென்னி எவரெட், வெளியீட்டுக்கு முன்பே ஒரே வார இறுதியில் 14 முறை அதை ஒலிபரப்ப, நேயர்கள் கடைகளை மொய்த்தார்கள். பிரிட்டனில் 9 வாரம் அது முதலிடத்தில் நின்றது.

நடுவில் வரும் ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாணிப் பகுதியை ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். பெரும் பாடகர் குழுவாக ஒலிப்பவை, ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் ஆகிய மூவரின் குரல்கள் மட்டுமே. காதைத் துளைக்கும் அந்த உச்ச ஸ்தாயி, டிரம்ஸ் வாசித்த டெய்லருடையது. ஒலிகளைத் தனித்தனியே பதிய 24 தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் பாடிப் பதிந்து, அவற்றை ஒன்றாக்கி, அதன்மேல் மீண்டும் மீண்டும் பாடியதில், தேய்ந்த நாடாவின் ஊடே வெளிச்சமே தெரிந்ததாம். மெர்க்குரி மறைந்த 1991-இல் மறுபடி வெளியான அதே பாட்டு, பிரிட்டனில் மீண்டும் முதலிடத்தைப் பிடித்தது.