சுடுவதா, உறைய வைப்பதா? ஏ.எஃப் அப்லேஷன் பற்றிக் கேளுங்கள்

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் ஒரு கெத் லாப்பில், அதாவது இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற அறையில், பத்தொன்பது வருடம் நேர்சாக நின்றுவிட்டு, இப்போது ஓய்வுபெற்றுத் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஏ.எஃப் என்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிற வருத்தம், அதற்கு இதயத்துக்குள் குழாய் விட்டுச் சில இடங்களைத் தழும்பாக்கிச் செய்யும் அப்லேஷன் பற்றி நேற்று ஒருவர் கேட்கப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவை உங்கள் டொக்டரோடு எடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: அண்ணை, எனக்கு 52 வயது. பதகளிப்பு வந்து வந்து போகிறது. சுடுவது, உறைய வைப்பது, இப்போது கரண்ட் அடிப்பது என்று மூன்று சொல்கிறார்கள். எது நல்லது?

மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் தம்பி. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவர்களுக்கு நான்கு. ஏ.எஃப்பைக் கிளப்பிவிடும் கள்ளத் துடிப்புகள் அநேகமாக அங்கிருந்துதான் வருகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். அன்றிலிருந்து வேலை இதுதான்: தொடையிடுக்கு நாளத்தால் குழாயை ஏற்றி, அந்த வாய்களைச் சுற்றித் தழும்பால் ஒரு வேலி அடைப்பது.

சுடும் முறையில் புள்ளி புள்ளியாகச் சுட்டு வட்டத்தை மூடுகிறார்கள். எங்காவது ஒரு பொட்டு விட்டுப்போனால் துடிப்பு அதற்குள்ளால் புகுந்துவரும், நம் வீட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஆடு வருவது மாதிரி. குளிர் முறையில் சிறு பலூனை நாளத்தின் வாயில் அடைத்து, மறை 40, 50 பாகைக்குக் குளிராக்க, வட்டம் ஒரேயடியாக விழும். வந்துபோகும் ஏ.எஃப் உள்ள 762 பேரில் இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வு 2016இல் வந்தது. பலனில் குளிர் சூட்டுக்குக் குறைந்ததில்லை என்று முடிந்தது.

குளிரில் உள்ள கரைச்சல் பிரெனிக் நரம்பு. வலப்பக்க நாளங்களுக்குக் கிட்டவே ஓடி உதரவிதானத்தை அசைக்கிற நரம்பு அது. உறைய வைக்கும் மூன்று நான்கு நிமிடமும் அந்த நரம்பை மின்சாரத்தால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், நான் நோயாளியின் வலது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு தட்டுக்கும் விக்கல் மாதிரி ஒரு உதை கைக்கு வரும். உதை கொஞ்சம் மெலிந்தாலே "நிற்பாட்டுங்கோ" என்று கத்த வேண்டும், அடுத்த கணம் குளிர் நிற்கும். கண் திரையில் இருந்தாலும் நம்பியது கையைத்தான்.

கரண்ட் முறை, பல்ஸ்ட் ஃபீல்ட் என்பார்கள், மிகக் குறுகிய உயர் வோல்டேஜ் துடிப்புகளால் இதயத் தசைக் கலங்களின் சுவரில் துளை விழுத்துகிறது. உணவுக்குழாய், நரம்பு இரண்டும் அதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன, நேரமும் மிச்சம். ஆனால் 2023இல் வந்த அட்வென்ட் ஆய்வில் ஒரு வருட வெற்றி இதில் 73 வீதம், பழைய முறைகளில் 71 வீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். அளவுக்கு மிஞ்சி அடித்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இதயத்தின் இரத்தக் குழாய்க்குக் கிட்ட அடித்தால் அது இறுகலாம். ஆகவே மெஷினின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். "டொக்டர், இந்த மெஷினில் வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நானாக இருந்தால் கை பழகிய டொக்டரின் பழைய முறைக்குத்தான் படுப்பேன்.

கிண்ணியாவிலிருந்து: வாப்பாவுக்கு 70. இரண்டு வருடமாக ஏ.எஃப் விடாமல் இருக்கிறது. நாளங்களோடு வேறு இடங்களிலும் சுட வேண்டும் என்கிறார் ஒருவர். சரியா?

விடாமல் இருக்கிற ஏ.எஃப்புக்குக் கூடச் சுட்டால் கூடப் பலன் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். 2015இல் ஸ்டார் ஏ.எஃப் 2 ஆய்வு 589 பேரில் பார்த்தது. நாளங்களை மட்டும் அடைத்தவர்களில் 59 வீதமானோர் 18 மாதம் ஏ.எஃப் திரும்பாமல் இருந்தார்கள், மேலதிகமாகச் சுட்ட இரண்டு குழுக்களில் 49, 46 வீதம். அதனால் முதல் தடவையே வீடு முழுக்க வேலி அடைக்கப் போகிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள், காரணம் இருந்தால் சொல்வார். வாப்பாவுக்கு இரண்டாம் தடவையும் தேவைப்படலாம் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

அதைவிட முக்கியம், வாப்பாவுக்கு என்ன செய்கிறது? இளைப்பு, களைப்பு என்று பள்ளிக்கு நடக்கவே கஷ்டமா, இல்லை ஈ.சி.ஜியில் மட்டும்தான் தெரிகிறதா? 2,204 பேரைச் சேர்த்த கபானா ஆய்வில் அப்லேஷன் ஆயுளைக் கூட்டியதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. இதயம் பலவீனமானவர்களின் கதை வேறு, 2018இல் காஸில் ஏ.எஃப் ஆய்வில் மரணமும் ஆஸ்பத்திரி அனுமதியும் குறைந்தன. எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உப்புவெளியிலிருந்து: சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. இரத்தம் உறையாமல் இருக்க மற்றவர்களுக்குப் புது மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் இன்னும் பழைய வோபரின்?

அக்கா, உங்களுக்கு அதுதான் சரி. 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில், வாதக்காய்ச்சல் இதய நோயோடு ஏ.எஃப் உள்ளவர்களில், புது மாத்திரையான ரிவராக்ஸபன் எடுத்தவர்களைவிட வோபரின் வகை எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் சோதனையை மாதா மாதம் பார்ப்பது அலுப்புத்தான், விடாதீர்கள். அப்லேஷனை அப்புறம் பார்க்கலாம், முதலில் வால்வு.

அப்லேஷன் முடிந்தால் இரத்தம் உறையாத மாத்திரையை விட்டுவிடலாமா?

இல்லை. ஆகக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோரும் எடுக்க வேண்டும். அதன்பிறகும் பாரிசவாத ஆபத்தைப் பொறுத்துத்தான்: வயது, பிரஷர், சீனி வருத்தம், முன்பு ஸ்ட்ரோக் வந்ததா. நாடி ஒழுங்காகிவிட்டது என்று நீங்களாக நிற்பாட்டாதீர்கள்.

எடை 96 கிலோ. குறைத்தால் அப்லேஷன் இல்லாமலே மாறுமா?

சிலருக்கு மாறுகிறது. அடிலெய்டில் நடந்த லெகசி ஆய்வில் உடல் எடையில் பத்தில் ஒன்றைக் குறைத்துக் காத்தவர்களுக்கு ஏ.எஃப் தொல்லை நன்றாகக் குறைந்தது. குறட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள். சாராயம் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

மூதூரிலிருந்து: கொழும்பில் செய்துவிட்டு அன்றிரவே பஸ்ஸில் திரும்பலாமா?

வேண்டாம். சொந்தக்காரர் வீட்டிலாவது ஓரிரு நாள் நில்லுங்கள். ஏழு எட்டு மணித்தியாலம் தொடையை மடக்கி இருந்தால் குத்திய இடம் பொங்கலாம். வீட்டில் இரத்தம் கசிந்தால் மல்லாந்து படுத்து அந்த இடத்தை இன்னொருவர் கையால் அழுத்தி விடாமல் பிடிக்க, அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கள்.

இன்னொன்று, அபூர்வம்தான் ஆனால் உயிராபத்து. ஒன்றிரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்க நோவோ வந்தால், சுட்ட இடத்துக்குப் பின்னால் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். டெங்கு என்று வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயால் கமரா விட்டால் அதன் காற்று இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறும், ஆகவே முதலில் சிடி ஸ்கான். அங்கே உங்களைப் பார்க்கிறவருக்கு அப்லேஷன் விஷயம் தெரிந்திருக்காது, ஆகவே திகதியை ஒரு துண்டில் எழுதி ஐடென்டிட்டி கார்டோடு வைத்திருங்கள்.