ஸ்டோரிபோர்டு அலுத்துவிட்டது, பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். 6 வருடமாக ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர், அதாவது இணையப் பாடங்களை வடிவமைப்பவள். இப்போது வீட்டிலிருந்தே வேலை. ஸ்டோரிபோர்டு (திரையில் எப்போது எந்தப் படம், எந்தக் குரல் என்ற வரைவு) எழுதி எழுதி அலுத்துவிட்டது. கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. முடித்துப் பேராசிரியர் ஆக முடியுமா? வயது 31.
– வாசகி, கரூர்

பதில்: வயது பிரச்சினையே இல்லை. அந்த அலுப்புதான் யோசிக்க வைக்கிறது. ஆய்வேடு எழுதுவது ஸ்டோரிபோர்டைவிட அலுக்கும்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் செய்த பாடத்தில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று தெரியுமா? தெரிந்திருக்காது. கிளையன்ட் ஓகே சொன்னதும் ஃபைல் போய்விடும். அது உங்களை உறுத்துகிறது என்றால் தாராளமாக வாருங்கள்.

குரல் சொல்வதையே திரையிலும் எழுத்தாக ஓட விடச் சொல்லி கிளையன்ட் அடம்பிடித்திருப்பாரே? படமும் குரலும் இருக்கும்போது அதே வாக்கியத்தை எழுத்திலும் காட்டினால் கற்றல் குறைகிறது என்கிறார் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர். சரி, ஆங்கிலக் குரலுக்குப் பழகாத தமிழ்வழி மாணவிக்கும் அப்படித்தானா, இல்லை அந்த எழுத்துதான் அவளுக்குக் கைப்பிடியா? இப்படியொரு கேள்வியோடு 4, 5 வருடம் குடித்தனம் நடத்த வேண்டும்.

இடங்கள் உண்டு. ஐஐடி பம்பாயில் 2010 முதல் இதற்கென்றே பிஎச்.டி. இருக்கிறது, பொறியியல், அறிவியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது.

சிக்கல் வேலையில்தான். இந்தப் பெயரில் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்விலும் இது தனிப் பாடமில்லை, ‘கல்வியியல்’ பாடத்துக்குள் ஒரு அலகு. கல்வியியல் கல்லூரிகளோ எம்.எட். கேட்கும், அதற்கு முன்னால் பி.எட். வேண்டும். இயற்பியல் முதுகலையோடு பிஎச்.டி. மட்டும் முடித்துவிட்டுப் போனால், விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் மேசையிலேயே ‘இது எந்தப் பாடம்?’ என்று நிறுத்திவிடுவார்கள். எனவே சேரும் முன்பே, பழைய வேலை விளம்பரங்களை எடுத்து, தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள்.

கம்பெனி வேலையை இப்போதே விட வேண்டாம். ஆனால் அங்கே செய்த பாடங்களை நேர்காணலில் காட்டவும் முடியாது, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சொந்தமாக ஒன்று செய்யுங்கள். மின்தடை பற்றி 5 நிமிடம் போதும் (கரண்ட் கட் இல்லை, ஓம் விதியில் வருவது!). பக்கத்துப் பள்ளியில் அனுமதி வாங்கி, பாதிப் பேருக்கு எழுத்தோடும் பாதிப் பேருக்கு எழுத்தில்லாமலும் போட்டுக் காட்டி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.