தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகுமா?

கேள்வி: அரிசி போட்டு மறுபடி கொதி வந்ததும் என் மாமியார் அடுப்பை சிம்மில் வைத்துவிடுகிறார். தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாதா? (வாசகி, தேனி)

பதில்: உங்கள் மாமியார் செய்வதுதான் சரி. கொதி அடங்காத அளவுக்குத் தீ இருந்தால் போதும். அதற்கு மேல் எரிகிற கேஸ் வீண்.

நான் பள்ளியில் இயற்பியல் எடுத்த காலத்தில், பீக்கரில் தண்ணீரைக் காய்ச்சி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதச் சொல்வேன். 60, 75, 90 என்று மளமளவென ஏறும் பாதரசம், தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் 100-ஐ ஒட்டி நின்றுவிடும். பர்னரை எவ்வளவு கூட்டினாலும் அசையாது. குமிழி பெரிதாகும், தண்ணீர் மட்டம் வேகமாக இறங்கும், சூடு மட்டும் ஏறாது. "தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு சார்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.

அப்படியானால் கொடுத்த வெப்பம் எங்கே போகிறது? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கவே அத்தனையும் செலவாகிறது. ஐஸ் உருகும்போதும் இதே கதைதான். முழுக்க உருகும்வரை 0 டிகிரியைத் தாண்டாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் இதை அளந்து காட்டினார். பாடப்புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்திருப்பீர்கள். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதையே ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும்!

சோறு வேகமாக வேக வேண்டுமானால் பானைக்குள் அழுத்தம் கூட வேண்டும். குக்கரின் வெயிட் ஆவியை அடக்கி வைப்பதால் உள்ளே சுமார் 120 டிகிரி வரை போகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் பருப்பு வேகவே வேகாது போலிருக்கும்.

கேள்வி: இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி பட்டுக் கை கொப்புளித்துவிட்டது. வெந்நீரை விட ஆவி ஏன் இப்படிச் சுடுகிறது? (வாசகர், காரைக்குடி)

பதில்: மேலே சொன்ன 540 கலோரிதான் காரணம். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகிற கணமே, வாங்கி வைத்த அவ்வளவு வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். இட்லி சில நிமிடங்களில் வெந்து எழும்புவதும் இதே வெப்பத்தால்தான்.

இனி மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். சுட்டுவிட்டால் பற்பசை, மாவு எதையும் தடவாமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள்.